நோவு: மாரண்டஹள்ளியில் அன்றும் இன்றும்

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூருக்குப் போகும் பாதையில், இராயக்கோட்டைக்கு முன்னால் வருகிறது மாரண்டஹள்ளி. ரயில் நின்று போகும் பேரூராட்சி. பக்கத்தில் பஞ்சப்பள்ளி, அங்கே சின்னாற்றின் குறுக்கே அணை. சுற்றிலும் தக்காளித் தோட்டம், தென்னந்தோப்பு, மல்பெரி, மானாவாரியில் ராகி. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும். எந்த மொழிக்காரரிடம் பேசினாலும் நலம் விசாரித்த கையோடு ஒரு பேச்சு வந்துவிடும்: உடம்பெல்லாம் நோவு.

இடுப்பு நோவு, முதுகு நோவு, கை கால் குடைச்சல், கழுத்துப் பிடிப்பு, காலையில் எழுந்ததும் ஓட மறுக்கும் உடம்பு. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னாலும் இந்தப் பக்கத்தில் இதே பேச்சுதான். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒரே புலம்பலாகத் தெரியும். ஆனால் அன்றைய நோவின் வேர் வேறு, இன்றைய நோவின் வேர் வேறு. அன்றைய நோவைப் பார்த்துச் சிலர் "ஏன்?" என்று கேட்டார்கள். கேட்டதால் இரண்டு மாவட்டங்களின் குடிதண்ணீரே மாறியது. இன்றைய நோவிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடுகிறோம். இந்த அலட்சியம் தீர வேண்டும் என்பதற்காகவே இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தண்ணீரில் இருந்த நோவு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப்பாறை. அந்தப் பாறையில் ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய தண்ணீரில் அது கரைந்து சேரும். ஏரியும் திறந்த கிணறும் ஊற்று கொடுத்த காலம் போய், வறட்சி அடுத்தடுத்து வந்தபோது ஊர்கள் ஆழத்துக்குப் போயின. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையில் தயாரான 'இந்தியா மார்க் 2' அடிபம்பு நாடு முழுக்க ஊன்றப்பட்டது. காலராவிலிருந்தும் பேதியிலிருந்தும் அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் பாறையில் ஃப்ளோரைடு இருந்த மாவட்டங்களில், அடிக்க அடிக்க வந்த அந்தத் தெளிந்த தண்ணீரோடு ஃப்ளோரைடும் குடத்துக்கு வந்தது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியிலும் வித்தியாசம் தெரியாது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. தர்மபுரி மாவட்டத்தில் இந்த எல்லையைத் தாண்டிய ஊர்கள் வரிசையாக இருந்தன. பாலக்கோடு வட்டாரமும் அதில் அடக்கம்.

அந்தத் தண்ணீர் முதலில் பிள்ளைகளின் பல்லில் தெரிந்தது. பால் பல் விழுந்து முளைக்கும் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, பிறகு குறுக்கே காவிப் பட்டை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காரணம், கறை மேலே படிந்ததில்லை. பல் உருவாகும்போதே உள்ளே புகுந்தது. பெரியவர்களுக்கு அது எலும்பில் இறங்கியது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் எதுவும் தெரியாது. தசை நோவு, அசதி, கை கால் மதமதப்பு, காலையில் விறைப்பு, அவ்வளவுதான். "வேலை செய்யுற உடம்பு, நோவத்தானே செய்யும்" என்று வருஷங்கள் ஓடும். அதற்குள் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகெலும்பு இறுகி, நடுவயதிலேயே குனிய முடியாமல் போகும்.

ஃப்ளோரோசிஸ் என்ற இந்த நோயைக் களத்தில் சந்தேகிக்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்வார்கள். மோவாயை நெஞ்சில் தொடச் சொல்வார்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பின்னந்தலையைத் தொடச் சொல்வார்கள். நாணயத்தை எடுக்கப் போன கை முழங்காலுக்குக் கீழே இறங்காமல் நின்றுவிடும். முதுகு வளைய மாட்டேன் என்கிறது. அந்த மனிதர் அதுவரை அதைத் தன் வயசின் கணக்கிலும் தலைவிதியின் கணக்கிலும் எழுதி வைத்திருப்பார்.

ஏன் என்று கேட்டவர்கள்

இந்த நோய் இந்தியாவில் முதலில் விரிவாகப் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர் மாவட்டத்தில் முதுகு இறுகி, மூட்டு மடங்காமல் போன விவசாயிகளைப் பற்றி எச்.இ. ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி மூவரும் 1937இல் எழுதினார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஆய்வுப் பரம்பரையில் வந்தவர்கள் அவர்கள். நோயாளியின் முதுகைப் பார்த்ததோடு நிற்காமல், அவர் குடித்த கிணற்றுத் தண்ணீரையும் பார்த்தார்கள். மருத்துவத்தின் மிகப் பெரிய திருப்பங்கள் பலவும் இப்படித்தான் நடந்திருக்கின்றன. நோவு உடம்பில் இருந்தாலும் காரணம் உடம்புக்கு வெளியே இருக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

தோன்றியதற்கும் தீர்வு வந்ததற்கும் இடையே பல தலைமுறை போனது. 1970களில் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தண்ணீரிலிருந்து ஃப்ளோரைடைப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்கொண்டா முறை என்று பெயர். முறை நல்லதுதான். ஆனால் ஊருக்கு ஊர் ஒரு தொட்டி கட்டி, தினமும் அளந்து கலந்து, அடியில் தங்கும் கசடை வழித்தெடுத்து நடத்துவது நீடிக்கவில்லை. பாறைத் தண்ணீரை விட்டுவிட்டு ஆற்றுத் தண்ணீருக்குப் போவதுதான் நிலைத்த வழி என்றாயிற்று.

2008-09இல் மத்திய அரசு ஃப்ளோரோசிஸ் தடுப்புக்கெனத் தேசியத் திட்டம் தொடங்கியது; தர்மபுரியும் அதில் இடம்பெற்றது. அதே 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' என்று எழுதியிருந்தார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவி, 1,928 கோடி ரூபாய் செலவு. 2013 மே மாதம் காவிரித் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குழாய்களுக்கு வரத் தொடங்கியது. கர்நாடகத்தோடு தகராறு, அரசியல் சச்சரவு, ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி அது நடந்தது. மக்களின் முதுகு நோவு காரணமாக ஆறு ஒன்றையே ஊர்களுக்குத் திருப்பிவிட்ட இந்தக் கதையை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இன்றைக்கு இங்கே பிறந்து காவிரித் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைக்குக் காவிப் பல் வர வேண்டிய அவசியமில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று, குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். களி கிண்டும்போதும் சோறு வடிக்கும்போதும் தானியம் உறிஞ்சும் தண்ணீர் வயிற்றுக்குத்தான் போகிறது. இரண்டு, போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீரால் கெடுதல் இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று குடிக்கவும் சமைக்கவும் இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைக்கிற வீடு, வருங்காலத்து முதுகெலும்பைக் காப்பாற்றுகிற வீடு.

எலும்பில் ஏற்கெனவே சேர்ந்தது மெல்ல மெல்லத்தான் இறங்கும். இறுகிப்போன மூட்டு பழையபடி மடங்காது. ஆகவே அறுபதைத் தாண்டியவர்களின் நோவில் பாதி இன்னும் அந்தப் பழைய தண்ணீரின் கணக்காக இருக்கலாம். தர்மபுரிக்காரர் ஒருவர் நாள்பட்ட நோவோடு வந்தால், முப்பது வயது வரை என்ன தண்ணீர் குடித்தார் என்று மருத்துவர் கேட்பது அவசியம்.

வேலை மாறியது, சுமை மாறவில்லை

அன்றைய வேலை கடுமையானது. அதை அழகாக்கிச் சொல்வது அதைச் செய்தவர்களுக்குச் செய்கிற துரோகம். விடியும் முன்னே கிணற்றில் சேந்துவது, ராகியைக் கல்லில் சுற்றி அரைப்பது, காலால் பானையை அணைத்துக்கொண்டு களி கிண்டுவது, காட்டில் களை வெட்டுவது, மல்பெரி இலை பறித்துப் புழுத் தட்டுகளுக்குப் போடுவது, விறகு சுமப்பது. இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைப்பேறு. ஒன்றைச் சொல்லலாம்: அந்த வேலைகள் பலவகை. ஒரு தசை களைக்கும்போது இன்னொரு தசைக்கு மாறிவிடும். இருட்டினால் வேலை நிற்கும், தூக்கம் வரும்.

கிணற்றுக்குப் பதில் குழாய் வந்தது, கல்லுக்குப் பதில் மாவு மில் வந்தது. 2011இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய மிக்சியும் கிரைண்டரும் பெண்களின் தோளிலிருந்து பெரிய பாரத்தை இறக்கின. பட்டுப்புழுவுக்கு இலை கிள்ளிப் போட்ட காலம் போய், தண்டோடு வெட்டிப் போடும் முறை வந்து வேலையைக் குறைத்தது. இதெல்லாம் உண்மையான முன்னேற்றம்.

கூடவே வேறு வேலைகள் வந்தன. தக்காளிப் பறிப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள். செடி இடுப்புக்குக் கீழே. பறிப்பவர் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து வளைந்து, ஒரு கையால் கிளையை ஒதுக்கி, மறு கையால் பழத்தைத் திருகி வாளியில் போடுகிறார். ஒரு வரிசை முடியும் வரை நிமிர்வதில்லை. நிமிர்ந்தால் பக்கத்து வரிசைக்காரர் முந்திவிடுவார். வாளி நிறைந்ததும் வரப்பில் இருக்கும் பிளாஸ்டிக் கிரேட்டில் கொட்டுகிறார். நிறைந்த கிரேட் 25 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கி டெம்போவில் ஏற்றும்போது, மணிக்கணக்கில் வளைந்தே இருந்த அந்த இடுப்பைத்தான் திடீரென்று நம்புகிறார். வளைந்து நிற்கும் முதுகுத் தசை வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. அசையாமல் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. தொடர்ந்து சுருங்கியிருக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும், நோவு அங்கே தொடங்கும்.

ஊரை விட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்களின் கதையும் இதுதான். கட்டட வேலையில் சுமை, ஆலையில் ஒரே அசைவு, தையல் மேசையில் குனிந்த கழுத்து, லாரி ஸ்டியரிங்கில் அதிர்வு. ஆயிரம் முறை ஒரே தோள், ஒரே மணிக்கட்டு. ஷிப்ட் முறையில் தூக்கமும் போயிற்று. வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு இரண்டாவது ஷிப்ட் அடுப்படியில் காத்திருக்கிறது. கடன் தவணை, சீட்டு, பிள்ளையின் காலேஜ் பீஸ் எல்லாம் ராத்திரி படுக்கையில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இந்தக் கவலையும் நோவின் ஒரு பாகம்தான். அதை அறிவியலே சொல்கிறது, கீழே பார்க்கலாம்.

தட்டில் நடந்த மாற்றம்

அன்று இரண்டு வேளையாவது ராகிக் களியும் கூழும். கூடவே கீரை, அவரை, கொள்ளு. ராகியை ஏழையின் சாப்பாடாகவும் அரிசியை வசதியின் அடையாளமாகவும் பார்த்த காலம் அது. ரேஷனில் அரிசி மலிவாகி, பிறகு இலவசமாகவும் கிடைத்தபோது பசி தீர்ந்தது. அது பெரிய விஷயம். ஆனால் தட்டிலிருந்து ராகி நகர்ந்தது. 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. ஃப்ளோரைடு உள்ள மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் எலும்பு இரட்டைச் சேதம் அடைகிறது. 2023இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகி தரும் திட்டம் வந்தபோது, இந்த மாவட்டத்தின் பழைய ஞானத்துக்கு அரசு முத்திரை கிடைத்த மாதிரி இருந்தது.

வெயில் இன்னொரு விஷயம். வெயில் படாமல் ஆலைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நாள் முழுக்க இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைகிறது. அது ரொம்பவும் குறைந்தால் எலும்பு மெலியும், தொடைத் தசை பலமிழக்கும், உடம்பெல்லாம் நோகும். வெயில் கொளுத்தும் ஊரில் வெயில் சத்துக் குறைவு இருக்க முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒத்தடத்திலிருந்து ஊசிக்கு

அன்று நோவுக்கு வீட்டு வைத்தியம்: தவிடும் உப்பும் வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம், நொச்சி இலை போட்ட வெந்நீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சுளுக்கு வழிக்கும் கை. வெந்நீர்ச் சூடு தசைப் பிடிப்பைத் தளர்த்தும் என்பது இன்றைக்கும் சரியான வைத்தியம். நோயின் வேரை அது தொடவில்லை. ஆனால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோகும் இடத்தைத் தொட்டு, "இங்கயா, இங்கயா" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் மருத்துவ குணம் உண்டு.

இன்று சாயந்திரத்தில் சின்ன கிளினிக் எதன் வாசலிலும் நடக்கும் பேச்சு இது.

"என்னம்மா பண்ணுது?"

"கை கால் எல்லாம் ஒரே குடைச்சல் சார். நாளைக்கு பறிப்புக்குப் போகணும். ஒரு ஊசி போட்டு உட்டுடுங்க."

ஊசி போடப்படுகிறது. ஒரு நாள் கூலி தப்புகிறது. அடுத்த வாரம் மறுபடி வருகிறார். அந்தப் பெண்ணிடம் தப்பில்லை. ஒரு நாள் வேலையை விட்டால் அடுப்பு எரியாது என்ற கணக்கு அவருக்கு. தப்பு, இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் வந்தவரை ஒரு நிமிஷம் உட்கார வைத்து "எப்பலேர்ந்தும்மா நோவுது? ராத்திரி தூங்குறியா?" என்று கேட்காமல் விட்டதில் இருக்கிறது.

டைக்ளோஃபெனாக் வகை வலி மருந்துகளை மாதக்கணக்கில் எடுத்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பழுதாகலாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். அதைவிடப் பயங்கரம், காரணம் சொல்லாமல் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும், 'மூட்டு வலிக்கு' என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் தூளும். முதல் நாள் அற்புதம் நடந்த மாதிரி இருக்கும். சில மாதங்களில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், இடுப்பு மூட்டே செத்துப்போகலாம். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எந்த மருந்து என்று எழுதித் தராதவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நோவைப் பற்றிய அறிவும் மாறிவிட்டது

சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல். அதே ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் வலியைப் பற்றி ஒரு புதுக் கருத்தை வெளியிட்டார்கள். அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. சூடு, தடவல், மனநிலை, கவனம் எல்லாம் அந்தத் தடுப்பைத் திறக்கவும் மூடவும் முடியும் என்றார்கள். பாட்டி தேய்த்துவிட்ட கைக்கு அன்று ஒரு விளக்கம் கிடைத்தது.

1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் இன்னொன்றைக் காட்டினார். காயம் நீடித்தால் தண்டுவட நரம்புகளே கூர்மையாகிவிடுகின்றன. ஒருமுறை திருடன் புகுந்த வீட்டு நாய், அதற்கப்புறம் சருகு விழுந்தாலும் குலைக்கும். நரம்பு மண்டலமும் அப்படித்தான். காயம் ஆறிப் பல மாதம் ஆன பிறகும், சாதாரணத் தொடுகையையும் சாதாரண வேலையையும் அது நோவாகச் சொல்கிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கும், ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும், நோவும் இருக்கும். நோவு பொய்யில்லை, கற்பனையில்லை. எச்சரிக்கும் அமைப்பே மிகையாக வேலை செய்கிறது.

தூக்கத்தைப் பற்றிய ஒரு பரிசோதனையும் சொல்ல வேண்டும். 1975இல் கனடாவின் ஹார்வி மோல்டோஃப்ஸ்கியும் அவருடைய சகாக்களும், நோவே இல்லாத ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சில இரவுகள் கலைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு உடம்பு நோவும் அசதியும் வந்தன. ஷிப்ட் வேலைக்காரருக்கும் கடன் கவலையில் புரள்பவருக்கும் உடம்பு நோவதில் அதிசயம் என்ன?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை இன்று மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், வேறு நோயின் அறிகுறியாக மட்டும் இல்லாமல் தானே ஒரு நோயாக நிற்கும் வலிக்குத் தனி இடம் கிடைத்திருக்கிறது. உடம்பெங்கும் பரவிய தசை நோவு, ஆறாத அசதி, புத்துணர்ச்சி தராத தூக்கம், மறதி ஆகியவை சேர்ந்த ஃபைப்ரோமயால்ஜியா அந்த வகை. நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. பெண்களே அதிகம். 2020இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் தன் விளக்கத்தைத் திருத்தியபோது ஒன்றைச் சேர்த்தது: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும். மருத்துவ உலகம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், "உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம்.

இனி என்ன செய்யலாம்

முதலில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, ரத்தச்சோகை, முடக்கு வாதம், கொழுப்புக்குச் சாப்பிடும் ஸ்டாடின் மாத்திரை, நம் மண்ணுக்கே உரிய ஃப்ளோரோசிஸ். பாலக்கோடு அரசு மருத்துவமனையோ, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, இதற்கான பரிசோதனைகள் எட்டாத தூரத்தில் இல்லை.

சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது: நோவோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத ராத்திரி நோவு, கை கால் பலமிழப்பது, சிறுநீர் மலம் அடங்காமல் போவது, கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் டீ நிறத்தில் போவது. இவை அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டிய சங்கதிகள்.

இவை எதுவும் இல்லை, நோவு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால், மருந்தைவிட அசைவுதான் பெரிய சிகிச்சை. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஐரோப்பிய வாத நோய் வல்லுநர்கள் 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில், தயக்கமே இல்லாமல் வலுவாகச் சொன்னது உடற்பயிற்சி ஒன்றைத்தான். "நாள் பூரா காட்டுல வேலை செய்யுறேன், இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேலை தசையை ஒரே பக்கம் இழுக்கிறது. பயிற்சி மறுபக்கம் இழுத்துச் சமன் செய்கிறது. பறிப்பில் வரிசைக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் சாய்வது ஒரு பயிற்சி. கிரேட்டைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்து, இரண்டு பேராகத் தூக்குவது இன்னொன்று. நிறைய வைப்பதற்குப் பதில் முக்கால் கிரேட் வைப்பது தோட்டக்காரர் செய்யக்கூடிய உதவி.

வீட்டில் இருப்பவர், ஐந்து நிமிஷ நடையில் தொடங்கட்டும். நோவில்லாத நாளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வது உதவாது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே ஐந்து நிமிஷம், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டட்டும். வேலையையும் அப்படியே பங்கிட வேண்டும்: வெள்ளி செவ்வாய்க்கு வீடு முழுக்க ஒரே மூச்சில் கழுவாமல், இன்றைக்கு ஒரு அறை, நாளைக்கு ஒரு அறை. தூங்கப் போகும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும், செல்போன் தலைமாட்டில் வேண்டாம். பழைய வெந்நீர் ஒத்தடம் தாராளமாகத் தொடரலாம். தேவைப்பட்டால் நரம்பின் மிகைக் கூர்மையைத் தணிக்கும் மாத்திரைகள் சிறு அளவில் உண்டு. அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும், கடையில் கேட்டு வாங்கக் கூடாது. முழுக்கக் குணமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நோவு குறைந்து, தூக்கம் வந்து, வேலைக்கும் விசேஷத்துக்கும் போக முடிகிற வாழ்க்கை பலருக்குச் சாத்தியம்.

இதற்கெல்லாம் வழிகாட்ட பிசியோதெரபிஸ்ட் வேண்டும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும் என்பது அந்தத் திட்டத்தின் வாக்கு. படுத்த படுக்கையானவர்களுக்கு அது பெரிய ஆறுதல். படுக்கையில் விழாமல், நோவோடு தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பிரஷர் பார்க்கும்போது கூடவே மூன்று கேள்வி கேட்கட்டும்: நோவு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதா? ராத்திரி தூக்கம் வருகிறதா? இந்த மாதம் வலிக்கு எத்தனை ஊசி போட்டுக்கொண்டீர்கள்? பதிலை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கட்டும். எந்தத் தெருவில், எந்தத் தொழிலில், எந்த வயதில் நோவு குவிகிறது என்று ஒரே வருஷத்தில் தெரிந்துவிடும்.

நெல்லூரில் அந்த மூவர் செய்ததும் இதைத்தான். நோவைக் கேட்டார்கள், எண்ணினார்கள், காரணத்தைத் தேடிப்போனார்கள். வயசென்றும் விதியென்றும் ஒதுக்கிய நோவுக்குப் பின்னால் தண்ணீர் இருந்தது என்று தெரிந்த மாவட்டம் இது. அந்த மாவட்டத்துக்கு, இன்றைய நோவையும் வயசென்றும் விதியென்றும் ஒதுக்க உரிமையில்லை. ஊசிக்கு முன்னால் கேள்வி வர வேண்டும். மருத்துவர் கேட்கவில்லை என்றால், நோவு உள்ளவரே கேட்கட்டும்: "எனக்கு ஏன் நோவுதுன்னு சொல்லுங்க சார், அப்புறம் ஊசி போடுங்க."